பெயர் விழாத பட்டை

நான் ஒழுங்கை விரும்புகிறவன். வெள்ளவத்தை வீட்டு வாசலில் என் செருப்புகள்கூட நேராகத்தான் நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்கு, நோயாளர் விபரம் பார்க்கும் மென்பொருளை எழுதியது நான்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் திரையில் ஒரு விண்டோ. அதன் தலையில் கணினி தானே வரையும் டைட்டில் பாரில் அவர் பெயர் வரும். அந்தப் பார் மருந்தகத்தில் சாம்பல், டாக்டரின் அறையில் கறுப்பு, வார்ட்டில் அவலட்சணமான நீலம். கணினிக்குக் கணினி ஒவ்வொரு மூஞ்சி. எனக்குப் பொறுக்கவில்லை. அதை அகற்றிவிட்டு, எங்கும் ஒரேமாதிரி இருக்க நானே ஒரு பட்டை வரைந்தேன். அழகாக இருந்தது.

வார்ட்டின் பழைய கணினியில் மட்டும் என் பட்டையில் பெயர் விழவில்லை. அங்கே தாதியாக இருந்த நேசம் அக்கா அன்றைக்கே ஃபோன் எடுத்தார்.

"தம்பி, மேல பேரக் காணோம். ரெண்டு பேரத் திறந்தா யாரு எவருன்னு தெரியல்ல."

"பாக்கிறன் அக்கா."

பார்த்தேன். பழைய பாரைத் திருப்பி வைத்தால் பெயர் வந்துவிடும். ஆனால் அது என் பட்டையின் மேல் ஏறி, தொப்பிக்கு மேல் தொப்பி போட்டதுபோல நிற்கும். ஆகவே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கொச்சிக்கடை நிக்கலஸ் காலில் புண்ணோடு வந்து படுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அவருடைய விண்டோவில் இருந்தது. நேசம் அக்கா பார்த்தது பக்கத்துக் கட்டில்காரரின் விண்டோவை. பென்சிலின் ஊசி போட்டுச் சற்று நேரத்தில் நிக்கலஸ் இறந்துபோனார். கேள்விப்பட்டு அழுதேன். அது நடிப்பல்ல.

விசாரணைக்கு முன் பழைய பாரைத் திருப்பி வைத்தேன். அக்கா சொன்ன அன்றே திருத்திவிட்டதாக விசாரணையில் சொன்னேன். விசாரித்தவர் திரையைக் காட்டினார்.

"பேர் இருக்குத்தானே மிஸ்?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்காவுக்கு வேலை போனது.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். கொழும்பில் என்னைப்போலச் சைவக்காரரும் போவதுதான். நிக்கலஸுக்காக மெழுகுதிரி கொளுத்த அக்காவும் வருவார். போன கிழமை கேட்டார்.

"அந்தோனியார் முன்னால சொல்லுங்க தம்பி. அன்னைக்கு பேரு இருந்திச்சா?"

"இருந்தது அக்கா. நீங்கள் களைப்பில கவனிச்சிருக்க மாட்டியள்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம். அவருக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யாரும் இல்லை.