மூன்றாவது நாற்காலியைப் பார்த்துப் பேசவைத்தவருக்கு

நா எழாமல் வந்தவர்களை நிமிர்ந்து நின்று பேசவைத்து, நெஞ்சுரத்தோடு படியிறக்கி அனுப்பிய நல்லாசிரியரே! முப்பத்தோர் ஆண்டுகளாகச் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு, பேருந்துப் பணிமனையின் மாடியறையில், டீசல் வாசனைக்கும் என்ஜின் இரைச்சலுக்கும் மேலாக எங்கள் குரலை எங்களுக்கே கேட்கவைத்த அம்மையீர்! ஊழியர் மாலைக் கல்விக்கூடத்தின் மேடைப்பேச்சு வகுப்பு எழுந்து நின்று உங்களை வணங்குகிறது.

உங்கள் பிரிவுபசார நாளில் வாசிக்க இம்மடலை எழுதும் பொறுப்பை வகுப்பு கிடங்குக் காப்பாளரிடம் ஒப்படைத்தது. தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் ‘நான்’ என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. தன்னை முன்னே நிறுத்திக்கொள்வது அவர் வீட்டு வழக்கமன்று. ஆகவே அவர் இங்கே ‘அவர்’ என்றே வருவார்.

உங்கள் பண்புகளை வரிசையாக அடுக்கலாம். அடுக்குவது அவர் தொழில்தான். ஆனால் வகுப்பில் நீங்கள் அடிக்கடி சொன்னது, “பத்து விஷயம் சொன்னா ஒண்ணும் நிக்காது. ஒண்ணைச் சொல்லுங்க.” அந்த ஒன்று இது.

உதிரிபாகக் கிடங்கின் சாவி அவருடைய தாத்தாவிடம் இருந்தது, பிறகு தகப்பனாரிடம், பிறகு அவரிடம். மூவரும் அளந்து பேசியவர்கள். வார்த்தையைக் கொட்டினால் குடும்ப மரியாதை போய்விடும் என்று நம்பியவர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த மேலாளர், திங்கட்கிழமைதோறும் காலையில் ஓட்டுநர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போட்டார். முதல் திங்களன்று அறுபது முகங்கள் அவரையே பார்த்தன. பிரேக் பாகங்களின் எண்களை மட்டும் ஒப்பித்துவிட்டு இறங்கினார். பின்னால் எழுந்த சிரிப்பு அவர் காதில் விழுந்தது. அடுத்த நாள் மாலை உங்கள் படியேறினார்.

வகுப்பில் இரண்டு வழக்கங்கள் வைத்திருந்தீர்கள். மேடையேறியவர் முதல் ஒரு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. “பயத்துக்கும் உக்கார ஒரு இடம் வேணும்ல” என்பீர்கள். அடுத்தது, முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது. தன் பேச்சைக் கேட்க வேண்டிய, ஆனால் வராத ஒருவரை மனத்துக்குள் அதில் உட்காரவைத்துப் பேச வேண்டும். நடத்துநர் தம்பி தன் வீட்டுக்காரரை உட்காரவைத்து, ஒழுகும் கூரையைப் பற்றி ஒரு பிடி பிடித்தார். வகுப்பே கை தட்டியது.

கிடங்குக் காப்பாளர் தம் மகளை உட்காரவைத்தார். தன் விருப்பப்படி மணம் முடித்து, கணவனோடு வாசலில் வந்து நின்ற மகளிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனவர். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அதன்பின் மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அதற்கும் பதில் இல்லை.

ஒரு நிமிடம் நின்றார். பிறகு, வாழ்நாளெல்லாம் எழுதிப் பழகியதுதான் வாயில் வந்தது: “பொருள்: மகள் வீடு திரும்புவது தொடர்பாக. பார்வை: தங்களின் பதினோராம் தேதியிட்ட கடிதம்.”

“அண்ணே, நகல் யாருக்கு?” என்றார் நடத்துநர்.

அறை சிரிப்பில் அதிர்ந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூன்று வாரம் வரவில்லை.

நீங்கள் கிடங்கு ஜன்னலுக்கு வந்தீர்கள். சமாதானம் பேசவில்லை. “ஒரு சாமான் வேணும்னா உங்ககிட்ட என்னென்ன சொல்லணும்?” என்று கேட்டீர்கள்.

“பாகத்தோட பேரு, எண்ணு, வண்டி நம்பர், மேலாளர் கையெழுத்து.”

“பேரை மட்டும் சொன்னா தர மாட்டீங்களா?”

“வண்டி நடுவழியில நிக்குதுன்னா தருவேன்மா. அவசரத்துக்கு யாரு படிவம் கேப்பாங்க?”

“உங்க மக விஷயம் அவசரம் இல்லையா, ஐயா?”

ஜன்னல் கதவைச் சாத்த அவர் கை உயர்ந்தது. வீட்டுப் பேச்சை வெளியார் எடுப்பதா என்ற கோபம். ஆனால் கை அப்படியே நின்றது.

வியாழக்கிழமை வந்தார். மேடையேறினார். ஒரு நிமிடம் நின்றார். மூன்றாவது நாற்காலியைப் பார்த்து, “பாப்பா” என்றார். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. நீங்கள் அடி எடுத்துக் கொடுக்கவில்லை, யாரையும் எடுத்துக் கொடுக்க விடவுமில்லை. “இன்னைக்கு இது போதும். நல்ல பேச்சு” என்றீர்கள். நடத்துநர் தம் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

அதன்பின் திங்கட்கிழமைப் பேச்சில் அவர் குரல் நடுங்கவில்லை. அறுபது பேரைப் பார்த்துப் பேசுவது, அந்த ஒரு நாற்காலியைப் பார்த்துப் பேசியவருக்கு எளிதாகிவிட்டது. ஒரு ஞாயிறு காலையில் மகளுக்கு போன் செய்தார். பழக்கத்தில் முதல் ஒரு நிமிடம் பேசவில்லை. அவளும் வைத்துவிடவில்லை.

“பாப்பா.”

“அப்பாவா? உடம்புக்கு ஏதாவது…?”

“நல்லாத்தான் இருக்கேன். உன்கிட்டப் பேசணும்.”

“பேசுங்கப்பா. கேக்கறேன்.”

என்ன பேசினார் என்பது வீட்டு விஷயம், இம்மடலில் வராது. ஞாயிறுதோறும் பேசுகிறார்கள். அவள் தொலைதூர ஊரில் இருக்கிறாள். இன்னும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, கணவருக்கு விடுப்பு இல்லை, அடுத்த வருஷம் கட்டாயம் என்கிறாள். அவள் வந்தால் தங்குவதற்கென்று, சனிக்கிழமைதோறும் அவர் தம் வீட்டு மாடியறையைத் துடைத்துவைக்கிறார். காத்திருப்பது கனமானதுதான். ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகு, அதைத் தலை நிமிர்ந்து சுமக்கலாம் என்று தெரிந்துகொண்டார்.

ஆசிரியரே! இந்த மாடியின் இருபத்தாறு படிகளை முப்பத்தோர் ஆண்டுகள் ஏறி இறங்கிய உங்கள் முழங்கால்களுக்கு இனி ஓய்வு கிடைக்கட்டும். நீங்கள் போய்த் தங்கவிருக்கும் உங்கள் தங்கையின் வீட்டில் காற்றும் வெளிச்சமும் நல்ல தூக்கமும் உங்களுக்கு வாய்க்கட்டும். எங்கள் ஆயுளிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, நோயற்று நெடுநாள் இருங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை, நீங்கள் இல்லாத முதல் வகுப்பில், அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று பேசிக்கொண்டோம். வகுப்பில் இருபத்திரண்டு பேர். அனைவர் வாயிலும் ஒருவரே வந்தார்.

இந்த இடத்தில், இம்மடலை உங்கள் முன் வாசிப்பவர் தாளை மடித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். பிறகு, மேலே எழுதிய பட்டங்கள் எதுவும் இல்லாமல், உங்களை நாங்கள் கூப்பிடும் பெயரை மட்டும் சொல்வார்.

டீச்சர்.

இப்படிக்கு,
மேடைப்பேச்சு வகுப்பின் மாணவர்களும்
மாலைக் கல்விக்கூடப் பணியாளர்களும்
எழுதியவர்: கிடங்குக் காப்பாளர்
நகல்: நடத்துநர் தம்பிக்கு