அஞ்சாவது தகரம்

நாகலெட்சுமி: நிப்பாட்டுங்க மச்சான், நிப்பாட்டுங்க! வேலாயி அக்கா மாரடிச்சிக்கிட்டு ஓடியாருது!

அழகுமுத்து: ஏன், என்னாச்சு அதுக்கு?

நாகலெட்சுமி: என்னாச்சா? ஒங்க மெசினு அடிச்சது சாவு வீட்டுத் தப்பு மோளம்! அக்கோவ்... யாரும் சாகலக்கா! இது அழகுமுத்து மச்சான் செஞ்ச மெசினு! போங்க, போயி அடுப்பப் பாருங்க!

அழகுமுத்து: நான் வச்சது கலியாணத் தப்பு புள்ள. டண் டக்கு டக், டண் டக்கு டக். எட்டு அடி.

நாகலெட்சுமி: தப்புக்காரரு மவளுக்கே தப்பு சொல்லிக் குடுக்குறீங்களா? விழுந்தது ஏழுதான். அஞ்சாவது அடியக் காணோம். டண் டக்கு டக்... ம்ஹூம்... டக்கு டக். அந்த எடத்துல சத்தம் நின்னா அது பாடைக்கு அடிக்கிறது.

சின்னராசா: அடேய் மருமகனே! இன்னும் முடியலியா? டயகம மாப்புள வீட்டாளுங்க பஸ்ஸ விட்டு எறங்கியிருப்பாங்கடா!

அழகுமுத்து: இந்தா... ஆச்சு மாமா.

சின்னராசா: விடியக்காலையில வேலைக்கு ஆளு கூட்டுற பெரட்டுக்குத் தப்படிச்சு இந்தத் தோட்டத்தையே எழுப்புறவன் நான். என் மவளப் பொண்ணு பாக்க வாறப்ப வாசல்ல தப்பு கேக்கலன்னா எனக்கு என்னடா மருவாத? மணிக்கட்டு மட்டும் பெசகாம இருந்தா ஒன்னைய எதுக்குக் கெஞ்சுறேன்?

அழகுமுத்து: நீங்க போயி நல்ல வேட்டியாக் கட்டுங்க மாமா.

சின்னராசா: நான் ரோட்டு முக்குல நிப்பேன். அவுங்க தல தெரிஞ்சதும் கத்துவேன். ஓட விடணும், தெரிஞ்சிச்சா?

நாகலெட்சுமி: ...போயிட்டாரு. ஆமா, இது எப்படித்தான் அடிக்குது?

அழகுமுத்து: எத்தன வாட்டி சொல்றது? பழைய கிராமபோன் பெட்டி. சாவி குடுத்தா தட்டு சுத்தும். தட்டுல எட்டுத் துண்டு தகரம், தேயிலப் பெட்டில வெட்டுனது. மேல நிக்கிற இந்தக் கம்பி ஒவ்வொரு தகரமாத் தொடும். தொட்டா லொரி பெட்டரிலருந்து கம்பி சுத்துன இந்தக் காயிலுக்குக் கரண்டு போவும். காயில் இழுக்கும், குச்சி தப்புல விழும்.

நாகலெட்சுமி: காயில்ல கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு? கரண்டு கலந்துடாதா?

அழகுமுத்து: வார்னிஷ் பூசியிருக்குல்ல. ஃபெக்டரி மோட்டாருக்குப் பூசுறது. அதத் தாண்டி கரண்டு போவாது.

நாகலெட்சுமி: அப்ப பெட்டரிதான் செத்துப்போச்சு.

அழகுமுத்து: பெட்டரி செத்தா எட்டும்ல சாகணும்?

நாகலெட்சுமி: கம்பி அந்துருக்கும்.

அழகுமுத்து: அந்தாலும் எட்டும்தான்.

நாகலெட்சுமி: அப்ப அஞ்சாவதுக்கு மட்டும் ஒங்க மேல என்ன கோவம்?

அழகுமுத்து: தகரத்த வேணா கொஞ்சம் தொடச்சுப் பாக்கவா?

நாகலெட்சுமி: வேணாம்! ...அது, கையக் கிழிச்சிரும். காயிலப் பாருங்க.

அழகுமுத்து: சரி. காயிலப் பாக்குறேன்.

நாகலெட்சுமி: மெசினப் பத்தின்னா எம்புட்டு பேச்சு! மத்ததுக்கெல்லாம் வாயில கொழுக்கட்ட.

அழகுமுத்து: மத்தது என்னா?

நாகலெட்சுமி: ஒண்ணுமில்ல. மாப்புள நல்லா பேசுவாராம். லொரி ஓட்டப் பழகுறாராம்.

அழகுமுத்து: நல்லது.

நாகலெட்சுமி: அம்புட்டுத்தானா?

அழகுமுத்து: ...இந்த ஸ்குரூவக் கொஞ்சம் புடி.

நாகலெட்சுமி: இத்தன வருசமா ஸ்குரூவத்தான் புடிக்கிறேன்! அத்தையக் கூட்டிக்கிட்டு, வெத்தல பாக்கோட ஒரு நாளு வந்திருந்தா அப்பா மாட்டேன்னா சொல்லியிருப்பாரு?

அழகுமுத்து: கேட்டு, இல்லன்னுட்டா... அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு இந்த வாசல் இஸ்தோப்புல வந்து குந்துறது?

நாகலெட்சுமி: நல்லா குந்துங்க. நான் டயகமவுக்குப் போனப்புறம் தனியாக் குந்துங்க.

சின்னராசா: வந்துட்டாங்கடா! ஓட விடு! ஓட விடு!

அழகுமுத்து: மாமா, இன்னும் சரியாக...

சின்னராசா: ஓட விடுங்குறேன்!

அழகுமுத்து: என்னா புள்ள... விடவா?

நாகலெட்சுமி: அப்பாதான் சொல்றாருல்ல.

அழகுமுத்து: இந்தா, விட்டாச்சு.

நாகலெட்சுமி: டண் டக்கு டக்... டக்கு டக். அய்யய்யோ, அதேதான்! அங்க பாருங்க, மூக்கன் தாத்தா, “நான் இன்னும் உசுரோடதான்டா இருக்கேன்”னு கம்ப ஆட்டிக்கிட்டு வாராரு!

அழகுமுத்து: சிரிக்காத புள்ள, மாமா வாராரு.

சின்னராசா: நிப்பாட்டுடா அத! போச்சு... எல்லாம் போச்சு!

அழகுமுத்து: என்னா மாமா?

சின்னராசா: முன்னால வந்த பெரியாளு, “யாருங்க தவறுனது?”ன்னு கேக்குறாரு. மெசினுங்குறேன், நம்ப மாட்டேங்குறாரு. பொண்ணு பாக்க வாறப்ப சாவுத் தப்பு கேட்டா அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அப்படியே திரும்பிட்டாங்கடா. நாளைக்குப் பெரட்டுல இதேதான் பேச்சா இருக்கும். இனி என் மவள எவன்டா கேட்டு வருவான்?

அழகுமுத்து: நான்... நான் கேக்குறேன் மாமா.

சின்னராசா: என்னாத்தக் கேக்குற?

அழகுமுத்து: லெட்சுமிய. எனக்குக் குடுங்கன்னு.

சின்னராசா: நீயா கேக்குற?

அழகுமுத்து: அம்மாவக் கூட்டிக்கிட்டு மொறயா வாரேன்.

சின்னராசா: ஏன்டா, தங்கச்சி மவன் கேப்பான், கேப்பான்னு எத்தன நாளு பாத்திருப்பேன்! இதச் சொல்ல ஒனக்கு ஒரு மெசினு வேண்டியிருந்துச்சா? ஓடு, அவுங்களுக்குச் சுட்ட வட ஆறுறதுக்குள்ள ஒங்கம்மாவக் கூட்டியா! நான் போயி அந்த மூக்கன் பெரியப்பன சமாதானம் பண்ணுறேன்.

நாகலெட்சுமி: மச்சான்... போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கோவிக்கக் கூடாது.

அழகுமுத்து: சொல்லு.

நாகலெட்சுமி: தகரத்துல அழுக்குப் பட்டா கரண்டு போவாதுன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க? நேத்து சாயங்காலம் அஞ்சாவது தகரத்துல என் சாந்துப்பொட்டப் பூசி விட்டது... நான்தான். பாவம், நீங்க அது தெரியாம காயில நோண்டிக்கிட்டுக் கெடந்தீங்க.

அழகுமுத்து: ஒன் சாந்து காலையில மொத வாட்டி ஓட விட்டப்பவே உதுந்து போச்சு புள்ள. இப்ப அதுல இருக்குறது நான் பூசுன மோட்டாரு வார்னிஷு.