கோழிப்பண்ணை ரேடியோ

எருமப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி மடியில் ட்ரம்பெட் பெட்டி.

"நம்ம ஜாஸ் பாட்டக் கேட்டா எங்க கோழியெல்லாம் செத்துரும் புள்ள," என்றாள் அவள், நகத்தைக் கடித்துக்கொண்டே.

"அவ்வளவு மோசமாவா ஊதுன?"

"வெளையாடாத. நாலு மணிக்குக் காலேஜ் ரேடியோவுல நம்ம பேண்டு வாசிச்சதப் போடறாங்க. கோழி மிரளக்கூடாதுன்னு அப்பா பண்ணையில நாளெல்லாம் அந்த ரேடியோதான் பாடுது. திடீர்னு ட்ரம்பெட் அலறுனா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிச்சுச் சாகும்."

"அப்ப நிறுத்தச் சொல்லு."

"நிறுத்திட்டா அவரு எப்படிக் கேப்பாரு? நான் ஊதறதே அவருக்குத் தெரியாது."

மணி நாலாகப் போனது. நாலு தடவை போனை எடுத்து வைத்தவள், கடைசியில் பேசிவிட்டாள்.

"அப்பா, ரேடியோவ நிறுத்துங்க... இல்லீங்க, அடுத்த பாட்டு நான் ஊதுனதுங்க."

அப்புறம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"திட்டறாரா?"

"ரேடியோவத் தூக்கிட்டுத் தென்னந்தோப்புக்கு ஓடறாரு புள்ள. மூச்சு வாங்குது."