பாதி மொற

பாஞ்சாலி: இன்னாது? மொறைய பாதியா கொறைக்கப் போறியா? தாமோதரா, இன்னொரு வாட்டி சொல்லு.

தாமோதரன்: ஆமாங்க்கா. லீவுல ஊருக்கு வந்தா உங்கிட்ட நேர்ல சொல்லணும்னு ரொம்ப நாளா யோசன பண்ணிக்கினு இருந்தேன். இனிமே எனக்கு பாதி மொற போதும்.

பாஞ்சாலி: உனுக்கு போதும்டா, எனக்கு? மலர்க்கொடிக்கு தை மாசம் கல்யாணம். அவளுக்கு ஒரே தாய்மாமன் நீ. பட்டுப் பொடவையில முந்தானிய மட்டும் கிழிச்சி தட்டுல வெச்சி எடுத்தாருவியா?

தாமோதரன்: ஐயோ அக்கா, மாமன் மொற இல்ல. லிஃப்டு மொற!

பாஞ்சாலி: லிஃப்டுக்கு இன்னாடா மொற? அதுக்கும் மாமன் கீறானா?

கஸ்தூரி: அண்ணி, ஷிஃப்டத்தான் இவரு மொறன்னு சொல்றாரு. சிங்கப்பூர்ல இவரு கூட்டாளிங்க அல்லாரும் அப்பிடித்தான். பகல் மொற, ராத்திரி மொற.

பாஞ்சாலி: அத்த மொதல்லயே சொல்லக்கூடாது? எனக்கு நெஞ்சே நின்னு போச்சி... ஏய் பொண்ணுங்களா! பம்புசெட்டு தொட்டியில ஆடுங்க, கெணத்துப் பக்கம் போவாதீங்க!... சரி, வேலைய ஏன் கொறைக்கிற? தொரத்திட்டாங்களா?

தாமோதரன்: தொரத்தல.

பாஞ்சாலி: கை கால்ல அடியா?

தாமோதரன்: இல்லக்கா.

பாஞ்சாலி: குடியா?

கஸ்தூரி: அண்ணி!

பாஞ்சாலி: பின்ன இன்னாடா? முப்பத்தெட்டு வயசுல பாதி ரிட்டேரா? தபாலாபீஸ் நமச்சிவாயம் அம்பத்தெட்டு வயசுலயே அழுதுக்கினுதான் வூட்டுக்குப் போனாரு.

தாமோதரன்: வாரத்துல மூணு நாள் வேல, மிச்சம் வூடு. அவ்ளோதான். எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சின்னவதான்... அவ ஸ்கூல்ல டீச்சரு கேட்டாங்களாம், உங்க அப்பா எங்கன்னு. இவ லிஃப்டுலன்னு சொல்லிக்கீறா.

பாஞ்சாலி: நெசந்தானே! லிஃப்டு ரிப்பேரு பாக்கறவன் லிஃப்டுலதானே இருப்பான்?

தாமோதரன்: வேல செய்யறாருன்னு சொல்லலக்கா. குடியிருக்காருன்னு சொல்லிட்டா. "எப்பனா எங்க வூட்டுக்கு வருவாரு"ன்னு.

பாஞ்சாலி: அட பாவமே...

கஸ்தூரி: அத்த கேட்டதுல இருந்து இவருக்கு சோறு எறங்கல அண்ணி.

பாஞ்சாலி: அது சரி. ஆனா அந்த ஊருல பொயக்கணுமே. முருங்கக்காய துண்டு போட்டு விக்கறாங்கன்னு நீயே சொன்ன. வாழ எலைக்கு காசு, பச்சத் தண்ணிக்கு பில்லு. ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு பாதி சம்பளத்துல இன்னா பண்ணுவ?

தாமோதரன்: அங்கதான் கஸ்தூரி வரா. லிஃப்டு எப்பிடி ஏறுதுன்னு சொல்றேன், கேளு...

கஸ்தூரி: ஆரம்பிச்சிட்டாரு.

தாமோதரன்: நீ சும்மா இரு. லிஃப்டு பொட்டிய மோட்டாருதான் மொத்தமா தூக்குதுன்னு நெனைக்கிற இல்ல? கெடையாதுக்கா. கயிறோட அந்தக் கோடியில ஒரு இரும்பு பாரம் தொங்கும். பொட்டியும் அதுல பாதி ஆளுங்களும் சேந்தா இன்னா கனமோ, அந்தக் கனம். பொட்டி மேல போனா பாரம் கீய வரும். பொட்டி கீய வந்தா பாரம் மேல போவும். மிச்சம் மீதி கனம் கீது பாரு, அதுக்குத்தான் மோட்டாரு.

பாஞ்சாலி: நம்ம ஏத்தம் மாதிரி. ஒரு பக்கம் சாலு, ஒரு பக்கம் ஆளு.

தாமோதரன்: அதேதான்! இத்தினி வருசமா எங்க வூட்டுல அந்தப் பக்கம் பாரமே கெடையாது. நான் ஒருத்தனே மோட்டாரு. கஸ்தூரி நர்சு வேலைக்கு போறேன்னு கேட்டப்பல்லாம், கொயந்தைங்கள யாரு பாக்கறதுன்னு வாய அடைச்சிட்டேன். இப்ப அவ போற நாளு நான் வூட்டுல, நான் போற நாளு அவ வூட்டுல. புள்ள பாக்க ஆள் வெக்க வேணாம். நடு ராத்திரி லிஃப்டு நின்னுபோச்சின்னு டாக்சி புடிச்சி ஓட வேணாம். ஓட்டல்ல வாங்கித் துன்ன வேணாம், சோறு வூட்டுலயே.

பாஞ்சாலி: யாரு ஆக்கறது?

தாமோதரன்: நான்தான்... ஆக்குவேன்.

பாஞ்சாலி: நீயா? கஸ்தூரி, இவன் ரசம் வெச்சி பாத்துக்கீறியா? புளிக்கு பதிலா வெல்லத்த கரைச்சி ஊத்தினவன்!

கஸ்தூரி: இப்ப நல்லா வெக்கறாரு அண்ணி. ஜடை கூட நாலு கால் எடுத்து பின்றாரு.

பாஞ்சாலி: இப்பன்னா?

கஸ்தூரி: அது... லீவு நாள்ல. எப்பனா.

பாஞ்சாலி: சரிடா, நல்ல யோசனதான். போய் செய்யி. அதுக்கு ஏன் எங்கிட்ட திருடன் மாதிரி முயிக்கிற?

தாமோதரன்: அப்பா செத்தப்ப நாம பேசிக்கினோமே... ஞாபகம் கீதா? நெலம் மொத்தமும் நீ பாக்கறது, நான் அங்க சம்பாரிக்கறது. அம்பது வயசுல நான் வந்து ஏரு புடிக்கறது, அப்பால நீ காலாட்டிக்கினு குந்தறது.

பாஞ்சாலி: ம்... கீது.

தாமோதரன்: பாதி மொறன்னா நான் ஊரு திரும்ப இன்னும் நாளாவும்க்கா. மாமாவும் காலையில காஞ்சிபுரம் பஸ்ச எடுத்துக்கினு போயிடறாரு. நீ ஒண்டியா இம்மாம் நெலத்த வெயில்லயும் மயையிலயும் நின்னு பாக்கற. நான் அங்க ஃபேனுக்குக் கீய குந்தி ஜடை பின்றதா? எனக்கே அசிங்கமா கீது.

பாஞ்சாலி: அத்த வுடுடா. காப்பி குடிக்கிறியா?

தாமோதரன்: வுட முடியாது. வந்த நாளா பாக்கறேனே, விடியறதுக்குள்ள வயலுக்கு போயிடற.

பாஞ்சாலி: காப்பி வேணாமா? சரி, மோரு?

தாமோதரன்: அக்கா, மனசுல பட்டத சொல்லு. உனுக்கு ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லு. ஞாயித்துக்கெயம ஏரோப்ளேன் ஏறினதும் பழையபடி முயு மொறைக்கே போயிடறேன்.

பாஞ்சாலி: டேய், அப்பிடில்லாம் ஒண்ணும் வேணாம்...

தாமோதரன்: இல்லக்கா, உம்மேல சத்தியமா...

கஸ்தூரி: போதுங்க! சத்தியம் வேற பண்றீங்களா? அண்ணி, இவரு உங்கள யோசன கேக்கல. முடிஞ்சி போனதுக்கு உத்தரவு கேக்கறாரு.

தாமோதரன்: கஸ்தூரி...

கஸ்தூரி: எத்தினி நாளு பொத்தி வெக்கறது? போன தீவாளியில இருந்தே இவருக்கு மூணு நாள் வேலதான் அண்ணி. நான் ஆஸ்பத்திரிக்கு போயிக்கினுதான் கீறேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்னு சொல்லவே வுடல. ஊருக்கு அனுப்ப போட்டோ எடுத்தா, பீரோவுல இருக்கற கம்பெனி சட்டைய எடுத்து மாட்டிக்கினு நிக்கறாரு!

தாமோதரன்: அக்கா? அழாதக்கா. திட்டு. ரெண்டு அடி கூட அடி. முந்தானியால மூஞ்ச மூடிக்காத, எனக்கு பேஜாரா கீது.

கஸ்தூரி: ஏங்க... அண்ணி அழலங்க. சிரிக்கறாங்க.

தாமோதரன்: சிரிக்கறியா? நான் உயிர வுட்டுக்கினு கீறேன், இன்னாக்கா சிரிப்பு?

பாஞ்சாலி: கம்பெனி சட்ட... ஐயோ... டேய், நீ வந்து எறங்கின நாளா விடியறதுக்குள்ள எயிந்து, மம்முட்டிய தோள்ல போட்டுக்கினு, வேலையே இல்லாத வரப்ப சுத்தி சுத்தி நடந்து எனக்கு இடுப்பு போச்சிடா! நெலத்துல முக்காவாசிய கன்னியப்பனுக்கு குத்தகைக்கு வுட்டு ரெண்டு வருசம் ஆவுது. மத்தியானம் சோறு துன்னா நானும் எதுத்த வூட்டு சொக்கம்மாளும் உத்திரமேரூரு கொட்டாயில மேட்னிக்கு குந்திடுவோம். லிஃப்டுல தொங்கிக்கினு கீறவங்கிட்ட இத்த எந்த வாயால சொல்றது?... மேட்னிக்கு புதுப் படம் வேற மாத்திட்டான். நீ எப்ப கெளம்புவன்னு பாத்துக்கினு கீறேன்!