மிக்கோபியின் சமாதானக் கத்தி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா வேதமணி அவர்களே! நெய்யாற்றின்கரையிலிருந்து வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே! இந்த நூலகத்தை நெஞ்சில் வைத்து வளர்க்கும் பாறசாலைத் தாய்மார்களே! முன்வரிசையில் முகம் மறைத்துச் சிரிக்கும் தங்கை ரெஜிலா! அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குறுவாள். வெற்றிலைபோல் விரிந்த அலகு. நடுவே நரம்புபோல் ஓடும் முகடு. செம்புக்கம்பி சுற்றிய கரும் கைப்பிடி. இதைச் செய்த கொல்லர் எத்தனை முறை காய்ச்சினாரோ! எத்தனை முறை அடித்தாரோ!

"வெளிய எடுத்துக் காட்டும் சாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காட்டுறேன் மக்கா, கதையையும் கேளு. இது வெட்டுக்கத்தி இல்ல, சமாதானக் கத்தியாக்கும்!

காரக்கோணத்தில் நர்சிங் படித்த ரெஜிலா, மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டில், கூபா என்னும் இன மக்களின் ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே நிலத்தகராறு மூண்டது. வெட்டுப்பட்ட ஒருவனை உள்ளே கிடத்திய கொஞ்ச நேரத்தில், அரிவாளோடு வந்தது எதிர்க்கூட்டம். வாசலில் ரெஜிலா மட்டும்!

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"பயம் இருந்துது அண்ணா. ஆனா வாசல விட்டு மாறல்ல. உள்ள கெடக்குறது எனக்க நோயாளியாக்கும்!" என்றார்.

அப்போது, மனைவிக்கு மருந்து வாங்க வந்திருந்த முதிய கொல்லர் மிக்கோபி எழுந்தார். தன் கையால் அடித்து இடுப்பில் செருகியிருந்த இந்தக் குறுவாளை உருவினார். குத்தவா? இல்லை! வாசற்படியில் குறுக்கே கிடத்தினார்.

"வழி விடும் பெரியவரே!" என்று கத்தினான் கூட்டத்தின் தலைவன்.

"அமைதிக்காலத்தில் ஏந்த வேண்டும் என்றே நம் முன்னோர் இந்தக் கத்தியை வகுத்தார்கள். இதைத் தாண்டினால் அவர்களைத் தாண்டியவன் ஆவாய். தாண்டு பார்க்கலாம்!"

தூக்கிய கால் நின்றது. தலைவன் கத்தியைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான், அரிவாளைத் தாழ்த்தித் திரும்பி நடந்தான். கூட்டமும் பின்னால் போனது. உள்ளே கிடந்தவன் பிழைத்தான்!

ரெஜிலா ஊர் திரும்பும் நாளில், அந்தக் கத்தியை மிக்கோபி அவரிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு அப்பா கத்தி?"

"நான் கத்தியைக் கிடத்துமுன்பே நீ அங்கே நின்றாய், மகளே. இது உனக்குரியது."

சபையோரே! கல்லை உருக்கி இரும்பாக்கியது கலை. இரும்பை இழைத்து இலையாக்கியது கலை. அந்த இலையைக் கிடத்திக் கொலைவெறியை அடக்கியதோ, கலைக்கெல்லாம் கலை! அந்தக் கைகளை, கடல் கடந்து, இரு கைகூப்பி வணங்குகிறேன்!

ரெஜிலா, எழுந்து வா அம்மா. பெட்டியைத் திற. உன் கையால் ஊருக்குக் காட்டு.

பொறுமையோடு கேட்ட பொன்மனங்களுக்கு என் நன்றி. உங்கள் வாசலெல்லாம் அமைதி வாழ்க! வணக்கம்!