இரட்டையில் ஒன்று குட்டை

இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒரு வழுக்கை டயரைக்கூடச் சாலைக்கு அனுப்பியதில்லை. உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் ‘தேய்ந்த டயர்’ என்று இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானே வந்தேன். அன்று மாட்டிய டயர் புத்தம் புதியது. கடையில் ஒட்டிய காகிதம்கூட உரிக்கப்படவில்லை.

என் பெயர் பேரின்பநாயகம். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் பாதுகாப்பு மேலாளர். எங்கள் ஓட்டுநர்கள் காலையில் வண்டியில் ஏறுமுன் கையை நீட்டி ஓர் உறுதிமொழி சொல்வார்கள். அதை எழுதியவன் நான். எதுகை மோனையோடு இருக்கும். வண்டிச் சோதனைப் படிவமும் நான் வகுத்ததுதான், நாற்பத்திரண்டு கட்டங்கள்.

அந்தச் சனிக்கிழமை, நம்மவர்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவில் ஒரு திடலில் எங்கள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு விழா. ஐந்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார். எனக்குப் ‘பாதுகாப்புச் செம்மல்’ பட்டம் தருவதாக ஏற்பாடு. பட்டத்தை நான் கேட்டு வாங்கவில்லை. பட்டத்துக்கு மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தேன், விழாக் குழு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மேடைக்கான இரும்புச் சட்டங்களும் பலகைகளும் எங்கள் டிரெய்லரில் போக வேண்டும். அதை இழுக்கும் லாரியை ஓட்டுபவர் சேதுபதி. அறந்தாங்கிக்காரர், ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் இருந்தார்.

மதியம் பார்த்தால், டிரெய்லரின் இடப்பக்க இரட்டைச் சக்கரத்தில் ஒரு டயர் படுத்துக் கிடந்தது. அதற்கான ஸ்பேர் இல்லை. லாரிக்கு வாங்கிய ஸ்பேர் இருந்தது. போல்ட்டுகள் பொருந்தின. உயரம்தான் இரண்டு விரல் குறைவு.

மெக்கானிக் அப்துல் அலீம் அதை மாட்டிவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

“சார், ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல சிலிப்பர் போட்டுக்கிட்டு தேக்கா முழுக்க நடந்து பாருங்க லா. இடுப்பு என்னா ஆவும்?”

“இன்னிக்கு ஒரு ட்ரிப்தானே அலீம்.”

“குட்டை டயரு சும்மா கூட வருது சார்,” என்றார் சேதுபதி. “பாரம் பூரா நெட்டைதான் தூக்குது. ஆங் மோ கியோ கடையில ஆறு மணிக்குள்ள சரியான டயரு கொண்டாந்துடுறாங்களாம்.”

“ஆறு மணிக்கா? அதுவரைக்கும் விருந்தினர் எங்க நிப்பாரு? உன் தலையிலயா?”

“என் தலை தாங்கும் சார். டயரு தாங்காது.”

மூவரும் சிரித்தோம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டல் எதுவும் நடக்கவில்லை.

நான் விவரம் தெரியாமல் செய்யவில்லை. இரட்டை டயர்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயரமானது முழுப் பாரத்தையும் சுமந்து சூடேறி வெடிக்கும் என்று மாதாமாதம் வகுப்பெடுப்பவனே நான்தான். ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபது கிலோமீட்டர் தாங்கும். திடலுக்குப் பதினேழு. மூன்று கிலோமீட்டர் மிச்சம். பிறகு இரண்டு டயர்களுக்கும் கறுப்புப் பாலிஷ் அடிக்கச் சொன்னேன். விழாவில் படம் எடுப்பார்கள் அல்லவா? பாலிஷ் காய்ந்தபின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

சேதுபதி டயருக்கான கட்டத்தை நிரப்பாமல், கையெழுத்தும் போடாமல், படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். நான் காரில் முன்னே போய்விட்டேன்.

மூன்று பத்துக்கு அழைத்தார். உங்கள் கையில் இருக்கும் அழைப்புப் பட்டியலில் நாற்பது விநாடி என்று இருப்பது அதுதான்.

“சார், ரப்பர் கருகுற நாத்தம் அடிக்குது. கண்ணாடியில பொகை தெரியுது. ஓரங்கட்டட்டுமா?”

விரைவுச்சாலையில் ஒரு வண்டி நின்றால் கேமராவில் தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மீட்பு வண்டி வரும். வருகிறவர்கள் குனிந்து டயரைப் பார்ப்பார்கள். பார்த்தால், அது யார் நிறுவனத்து வண்டி என்பதையும் பார்ப்பார்கள்.

“நிறுத்தாதே. வந்துடு,” என்றேன்.

“சரி சார்,” என்றார்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நெட்டை வெடித்தது. அத்தனை பாரத்தையும் குட்டையால் தனியாகத் தாங்க முடியவில்லை. டிரெய்லர் சாய்ந்து, லாரியையும் இழுத்துக்கொண்டு தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. சேதுபதி இருக்கையிலேயே இறந்துவிட்டார். என் கணக்கில் அன்றைய வெயில் சேரவில்லை.

விழா தரையில் கம்பளம் விரித்து நடந்தது. சேதுபதிக்காக ஒரு நிமிடம் மௌனம், அடுத்து எனக்குப் பொன்னாடை. மறுத்தால் இறந்தவருக்கு மரியாதையாக இருக்காது என்று குழுவினர் கருதினார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். ஏற்புரையை ஏழு நிமிடத்தில் முடித்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்தேன்.

அங்கிருந்து நேரே அலுவலகம் போனேன். காலியாகக் கிடந்த கட்டத்தில் சரி என்று குறித்து, கீழே சேதுபதியின் கையெழுத்தைப் போட்டேன். ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்த கையெழுத்து, சிரமமாக இல்லை.

மறுநாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி ஊரிலிருந்து வீடியோவில் அழைத்தார்.

“சார், அவரு கடைசியா யாருகிட்டயாவது பேசினாரா? என்ன சொன்னாரு சார்?”

“யாருகிட்டயும் பேசலைம்மா. ஓட்டுறப்பவே தூங்கிட்டாரு.”

கணவர் பயந்துகொண்டே செத்தார் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.