வட்டம் போட்ட கீறல்

– ‘கீறல்’னுதானேம்மா நோட்டுல எழுதியிருக்க?

– ஆமா சார். போட்டோ மருந்து பூசின கண்ணாடித் தகடுதானே, மலையிலேருந்து இறங்கி வர்றப்ப எங்கயாவது உரசியிருக்கும்.

– அப்ப அதைச் சுத்தி மையில வட்டம் எதுக்கு? எட்டு வருஷமா மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சிட்டு உட்கார்ந்திருக்க. கீறலுக்கு என்னைக்காவது வட்டம் போட்டிருக்கியா?

– கை பழக்கம் சார். நான் மறைச்சாலும் இந்தப் பாழாப்போன கை மறைக்க மாட்டேங்குது.

– நானும் பார்த்துட்டேன். வானத்துலேருந்து ஒரு துகள் வந்து மருந்துல கோடு போடுது. போகப் போகக் கோடு தடிச்சு அப்படியே நிக்குது. நின்ன எடத்துலேருந்து இன்னொண்ணு கிளம்பிப் போகுது. இதுவா கீறல்?

– இல்ல சார்.

– இதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படாததும்மா! இதுக்குத்தானே தவம் கிடக்குறோம்? எப்பப் பார்த்த?

– மார்ச் மாசம்.

– அடக் கடவுளே! ஏழு மாசமா உடைஞ்ச தகட்டு டப்பாவுலயா கிடந்துச்சு?

– திட்டுங்க சார், வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு கிடைச்சா நீங்க பத்து கேப்பீங்க. பத்துக்கு இன்னும் நூறு தகட்டை மலை உச்சியில வைக்கணும். அதைக் காத்து, கழுவி, கீழ அனுப்ப எங்க வீட்டுக்காரரை விட்டா யாரு இருக்கா? ஒண்ணுமே கிடைக்கலைன்னா கடையைக் கட்டிட்டு இறங்கிடுவாருன்னு நெனச்சேன்.

– அதுக்காகவா?

– ரெண்டு குளிர்காலம் போயிடுச்சு சார். ‘அப்பா எங்கடி?’ன்னு கேட்டா, சின்னவ ஆணியில தொங்குற கோட்டைக் காட்டுறா. எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? தகடு வந்ததும் மொதல்ல ஓரத்தைத்தான் பார்ப்பேன். அவரு கட்டைவிரல் ரேகை ஒட்டியிருக்கும். மைக்ராஸ்கோப்புல வச்சா ஒவ்வொரு வரியும் பெருசாத் தெரியும். அதுலயே கொஞ்ச நேரம் இருந்துட்டுதான் வேலைக்கே போவேன்.

– அழாதம்மா.

– ‘சார் விடமாட்டேங்கறாரு’ன்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் எழுதுறாரு. உங்களை எவ்வளவு சபிச்சிருக்கேன் தெரியுமா?

– நானா? ‘போதும்யா, இறங்கி வா’ன்னு ஜனவரியிலேருந்து மூணு கடுதாசி போட்டுட்டேன். ‘வெறுங்கையோட அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன் சார், ஒண்ணே ஒண்ணு கிடைச்சதுன்னு சொல்லுங்க, அன்னைக்கே இறங்கிடுறேன்’னு அவருதான்ம்மா அங்க உட்கார்ந்திருக்காரு.